பேக்கேஜா, தனித்தனி ஏற்பாடா? திருமண வரவேற்புச் செலவை ஒப்பிடும் முறை

வரவேற்புக்கு இடம் தேடத் தொடங்கிய ஒரே வாரத்தில் கையில் இரண்டு விதமான தாள்கள் சேர்ந்துவிடும். ஒன்றில் "தலைக்கு இவ்வளவு, எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று ஒரே ஓர் எண். இன்னொன்று ஹால், சாப்பாடு, நாற்காலி, மேடை அலங்காரம், லைட், சவுண்ட் என்று ஏழெட்டுப் பேரிடம் வாங்கிய கொட்டேஷன்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்து, அன்றைக்கே முடிவெடுத்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அந்த இரண்டு கூட்டலுமே பெரும்பாலும் தவறாக இருக்கும். பேக்கேஜில் சேர வேண்டிய தொகைகள் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தில் இருக்கின்றன. தனித்தனிக் கணக்கில் சேர வேண்டியவை எந்தத் தாளிலும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலைக் காலி செய்து கொடுக்கும் வேலைக்கு யாரும் தானாக வந்து கொட்டேஷன் தரமாட்டார்கள்.

எது மலிவு என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் வீட்டு விருந்தினர் எண்ணிக்கைக்கு எது மலிவு என்று கேட்டால் உறுதியான பதில் உண்டு. ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும், ஒரு மாலையில் முடியும் வேலைதான்.

முதலில் தலைக்கணக்கு

எத்தனை அழைப்பிதழ் அடிக்கிறீர்கள் என்பது தலைக்கணக்கு ஆகாது. ஓர் அழைப்பிதழுக்கு ஒருவரும் வரலாம், ஆறு பேரும் வரலாம். குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, எதிரே ஆள் எண்ணிக்கையைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: கண்டிப்பாக வருவார்கள், வரலாம், வருவது சந்தேகம். கண்டிப்பானவர்களை முழுதாகவும், வரலாம் என்பவர்களைப் பாதியாகவும், சந்தேகத்தைக் கால்வாசியாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

உதாரணமாக 120 பேர் உறுதி, 60 பேர் வரலாம், 80 பேர் சந்தேகம் என்றால், எதிர்பார்ப்பு 120 + 30 + 20 = 170. மிகக் குறைந்தால் 120, எல்லோரும் வந்துவிட்டால் 260. இந்த மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் மூன்றுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 170-க்கு மட்டும் போட்டுப் பார்த்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

போட்டோ, வீடியோ, இசை, அலங்காரம் ஆகிய வேலைகளுக்கு வருபவர்களும் சாப்பிடுவார்கள். பத்துப் பதினைந்து தட்டு அங்கே போகும். அதையும் இந்த எண்ணிக்கைக்குள் சேருங்கள். குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டா, எந்த வயது வரை என்பதையும் கேட்டு, அவர்களைத் தனி வரியில் வைப்பது நல்லது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே பட்டியல்

இனி ஒரு தாளில் இடப்பக்கம் வரவேற்புக்கு வேண்டியதெல்லாம் வரிசையாக வரட்டும்: இடமும் நேரமும், மேசை நாற்காலி, மேசைத்துணி, தட்டு டம்ளர், உணவு, பானம், பரிமாறும் ஆட்கள், மேடை, அலங்காரம், லைட், சவுண்ட், மின்சாரம், ஜெனரேட்டர், டீசல், வண்டி நிறுத்தும் இடம், காவல், துப்புரவு, குப்பை அகற்றல், ஏற்றி இறக்கும் கூலி. பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்று பேக்கேஜுக்கு, மற்றது தனித்தனிக்கு. புகைப்படம், உடை, அழைப்பிதழ் போன்றவை எந்த வழியில் போனாலும் அதே செலவு என்றால் அவற்றைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அவை கூட்டுத்தொகையைப் பெரிதாக்கி வித்தியாசத்தை மறைத்துவிடும்.

ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. "அடங்கும்", "அடங்காது, இவ்வளவு", "தேவையில்லை" ஆகிய மூன்றில் ஒன்று கட்டாயம் எழுத வேண்டும். பின்னால் கையைக் கடிப்பவை எல்லாம் இந்தக் காலிக் கட்டங்களிலிருந்து வருபவைதான்.

பேக்கேஜைப் பிரித்துப் பார்ப்பது

தலைக்கு 100 என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (இங்கே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. எந்த நாணயமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.) முதல் கேள்வி, இதில் சர்வீஸ் சார்ஜும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்பது. 18% சர்வீஸ் சார்ஜ் தனி என்றால் 100 உடனே 118 ஆகிறது. வரி 10% என்றும், அது சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த தொகையின் மீது என்றும் வைத்தால் 129.80. அதாவது நீங்கள் பேசி முடித்த 100, பில்லில் 130. கொட்டேஷன் எப்படிக் கொடுத்திருந்தாலும் "எல்லாம் சேர்த்துத் தலைக்கு என்ன கட்டுவேன்" என்ற ஒரே எண்ணாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குறைந்தபட்ச எண்ணிக்கை. பேக்கேஜ் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இத்தனை பேருக்குக் குறையாமல் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். 160 என்று எழுதியிருந்தால் 130 பேர் வந்தாலும் 160 பேருக்குத்தான் பில். இறுதி எண்ணிக்கையைச் சொல்ல ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு எண்ணிக்கையைக் கூட்ட விடுவார்கள், குறைக்க விடமாட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தில் எழுதும் எண் உங்கள் எதிர்பார்ப்பை விடக் கீழேயே இருக்கட்டும். கூட்டிக்கொள்வது எப்போதும் சுலபம்.

மூன்றாவது, நேரம். "5 மணி நேரம்" என்றால் எதிலிருந்து எது வரை? விருந்தினர் நுழைவதிலிருந்தா, அலங்காரக்காரர் சாமான் இறக்குவதிலிருந்தா? கூடுதல் நேரத்தை அரை மணியாகக் கணக்கிடுகிறார்களா, பத்து நிமிடம் தாண்டினாலே முழு மணி நேரமா? மேடையில் வாழ்த்தி நின்று படம் எடுக்கும் வரிசை எப்போதுமே திட்டத்தை விட நீளும். ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் என்றாலே 70 குழுவுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிடும். ஒரு மணி நேரக் கூடுதல் கட்டணத்தை இப்போதே கணக்கில் போட்டுவிடுவதுதான் நேர்மையான ஒப்பீடு.

வெளியாட்களை உள்ளே விடுவதற்குக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். சொந்தமாக இசைக்குழுவோ அலங்காரக்காரரோ கொண்டுவந்தால் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பேக்கேஜில் உள்ள அலங்காரம் எங்களுக்கு வேண்டாம் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள்? பல இடங்களில் கிடைக்கும் கழிவு, அதே அலங்காரத்தைக் கூடுதலாகக் கேட்டால் சொல்லும் விலையில் பாதிகூட இருக்காது. அவர்கள் உண்மையில் அதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை அந்தக் கழிவுத் தொகையே காட்டிக்கொடுத்துவிடும்.

"அல்லது அதற்கு இணையானது" என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பேனாவால் வட்டம் போடுங்கள். பூவின் வகை, நாற்காலியின் வகை, உணவு வகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எண்ணாகவும் பெயராகவும் எழுதி வாங்க வேண்டும்.

தனித்தனிக் கணக்கில் விட்டுப்போவது

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பேக்கேஜில் மறைந்திருப்பதைக் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவரலாம். இங்கே கேட்பதற்கு ஆளில்லை, நீங்களேதான் யோசித்து எழுத வேண்டும்.

மேசைத்துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்ட மேசை 60 அங்குல விட்டம், 30 அங்குல உயரம். துணி தரையைத் தொட வேண்டுமானால் இரண்டு பக்கமும் 30 அங்குலம் தொங்க வேண்டும். 60 + 30 + 30 = 120 அங்குலத் துணி. 72 அங்குல மேசைக்கு 132. வாடகைக் கடையில் "60 அங்குல மேசைக்குத் துணி" என்று மட்டும் சொன்னால் 90 அங்குலத் துணியே வந்து சேரலாம். அது 15 அங்குலம்தான் தொங்கும், மேசைக் கால்கள் அப்படியே தெரியும். சாயங்காலம் நான்கு மணிக்கு அதைப் பார்த்து வேறு துணிக்கு ஆள் அனுப்பினால் அவசரக் கட்டணம், வண்டிக் கட்டணம் எல்லாம் சேர்ந்துவிடும். மேசை எண்ணிக்கையும் அப்படித்தான். 60 அங்குல மேசையில் 8 பேர் வசதியாக உட்காரலாம், 10 பேர் நெருக்கி உட்கார வேண்டும். 170 பேர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டுமென்றால் எட்டெட்டாக 22 மேசை, பத்துப் பத்தாக 17. ஐந்து மேசை, ஐந்து துணி, ஐந்து மேசை அலங்காரம் என்று வித்தியாசம் மூன்று இடத்தில் பில்லில் ஏறும்.

தட்டுகளை விருந்தினர் எண்ணிக்கையை விட 10 முதல் 15% கூட்டி எடுங்கள். பஃபே என்றால் இரண்டாம் முறை போகிறவர்கள் புதுத் தட்டு எடுப்பார்கள், அதற்கு இன்னும் வேண்டும். டம்ளர் ஆளுக்கு ஒன்று போதவே போதாது. கீழே வைத்துவிட்டு எது தன்னுடையது என்று தெரியாமல் இன்னொன்றை எடுப்பார்கள். இடையில் கழுவும் வசதி இல்லையென்றால் ஆளுக்கு இரண்டு முதல் மூன்று வேண்டும். வாடகைச் சாமான் உடைந்தால் ஒன்றுக்கு எவ்வளவு, கழுவித் திருப்பித் தர வேண்டுமா, அப்படியே தரலாமா என்பதையும் எழுதி வாங்குங்கள். கழுவித் தர வேண்டும் என்றால் அதற்குத் தண்ணீரும் ஆளும் உங்கள் செலவு.

பரிமாறும் ஆட்களுக்குச் சாதாரணமாக வைக்கும் அளவு: பஃபே என்றால் 25 முதல் 30 பேருக்கு ஒருவர், உட்கார வைத்துப் பரிமாறினால் 10 முதல் 15 பேருக்கு ஒருவர். இவர்களுக்கு விருந்து நேரத்துக்கு மட்டும் கூலி போட்டால் கணக்கு இடிக்கும். முன்னால் இரண்டு மணி நேரம் மேசை போட, பின்னால் ஒன்றரை மணி நேரம் எடுத்து வைக்க என்று சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

பஃபே வரிசைக்கும் கணக்கு உண்டு. ஒருவர் தட்டோடு நகர 15 நொடி என்றால் ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 4 பேர். 200 பேருக்கு 50 நிமிடம் ஆகும். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இரண்டு பக்கமும் திறந்தால் 25 நிமிடம்தான். பாத்திரமும் கரண்டியும் அதற்கேற்ப வேண்டும். இதைப் பேக்கேஜ் இடத்திலும் கேட்டுவிடுங்கள்.

ஜெனரேட்டரில் பலரும் குத்துமதிப்பாகப் போகிறார்கள். லைட் 6 கிலோவாட், சவுண்ட் 3, உணவைச் சூடாக வைக்கும் கருவிகள் 4, மொத்தம் 13 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு வைத்தால் 16.25. ஜெனரேட்டர்களைக் கே.வி.ஏ. கணக்கில் தருவார்கள். அதற்கு 0.8-ஆல் வகுத்தால் சுமார் 20.3. ஆகவே 20 கே.வி.ஏ. போதாது, 25 எடுக்க வேண்டும். ஏ.சி. இந்தக் கணக்கில் இல்லை. ஏ.சி.யின் மோட்டார் தொடங்கும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதைச் சேர்ப்பதென்றால் எலெக்ட்ரீஷியனிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். டீசல் யார் செலவு, ஆபரேட்டர் கடைசி வரை இருப்பாரா என்பவையும் கொட்டேஷனில் வர வேண்டும்.

அடுத்தது நேர ஒழுங்கு. மேலே தொங்கும் லைட்டும் மேடையும் முதலில், பிறகு மேசை நாற்காலி, பிறகு துணி, பிறகு தட்டு டம்ளர், கடைசியில் பூ. மேசைகளைப் போட்டுவிட்டால் லைட்காரர் ஏணி வைக்க இடமிருக்காது. எல்லாவற்றையும் விலக்கி மறுபடி போட வேண்டிவரும். ஒருவர் தாமதித்தால் பின்னால் வரும் நால்வரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சிலர் காத்திருப்புக் கட்டணமும் கேட்பார்கள். பேக்கேஜில் இது அவர்கள் தலைவலி. தனித்தனியில் உங்களுடையது. அதனால்தான் அன்று முழுக்க நின்று பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைக்கச் சொல்கிறோம். "தம்பி பார்த்துக்கொள்வான்" என்றால் தம்பி வரவேற்பையே பார்க்க முடியாது. அன்றைக்கு அவனும் அந்த வீட்டுப் பிள்ளை. அவனை மேடையருகே நிற்கவிடுங்கள்.

இரவுக் காலி செய்தலும் அடிக்கடி பணம் பிடுங்கும் இடம். ஹாலை இரவு 12 மணிக்குக் காலி செய்து தர வேண்டும், ஆனால் மேசை நாற்காலிக்காரரின் வண்டி காலை 9 மணிக்குத்தான் வரும் என்றால், இடையில் இருக்கும் நேரத்துக்கு அரை நாள் ஹால் வாடகை தலையில் விழும். இரண்டு பேரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த ஒரு நேரத்தை ஒத்துப் பாருங்கள்.

எந்த எண்ணிக்கையில் எது மலிவு

தனித்தனிக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒன்று, ஆளுக்கு ஆள் ஏறுவது இன்னொன்று. மாறாதது: ஹால் 4,500, அலங்காரம் 2,200, லைட்டும் சவுண்டும் 1,300, ஜெனரேட்டர் டீசலோடு 700, துப்புரவும் ஏற்றுக்கூலியும் 600, மேற்பார்வையாளர் 700, ஹால் கூடுதல் நேரம் 500. மொத்தம் 10,500. ஆளுக்கு ஏறுவது: உணவு 58, பரிமாறுவோர் 9, மேசை நாற்காலி துணி 8, தட்டு டம்ளர் 5. மொத்தம் 80.

பேக்கேஜில் தலைக்கு 130. அதற்கு மேல் கூடுதல் ஒரு மணி நேரம் 600, வெளி இசைக்குழுவுக்கான கட்டணம் 500, மின்சாரம் 400, ஆக 1,500. குறைந்தபட்சம் 160 பேர்.

பேக்கேஜில் ஓர் ஆளுக்கு 50 அதிகம் (130-இல் 80 போக). தனித்தனியில் மாறாத செலவு 9,000 அதிகம் (10,500-இல் 1,500 போக). 9,000-ஐ 50-ஆல் வகுத்தால் 180. சரியாக 180 பேரில் இரண்டும் 24,900 என்று சமமாகின்றன. அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியில் 50 மிச்சம். அதற்குக் கீழே பேக்கேஜ் மலிவு.

ஆனால் முழுவதும் அல்ல. 160-க்குக் கீழே போனால் பேக்கேஜ் தொகை 22,300-இலேயே நின்றுவிடுகிறது, தனித்தனி மட்டும் குறைந்துகொண்டே போகிறது. 147 பேரில் தனித்தனி 22,260, அதாவது மறுபடி மலிவு. ஆகவே இந்த உதாரணத்தில் பேக்கேஜ் வெல்லும் இடம் 148 முதல் 179 வரை மட்டுமே. இரண்டு பக்கமும் தனித்தனி. சின்ன விருந்துக்குப் பேக்கேஜ் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், குறைந்தபட்ச எண்ணிக்கை அதையே தலைகீழாக்கிவிடும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. தனித்தனி ஏற்பாட்டில் எதிர்பாராத செலவு வராமல் இருக்காது. அதற்கு 10% ஒதுக்கினால் மாறாதது 11,550, ஆளுக்கு 88. இப்போது கணக்குப் போட்டால் பேக்கேஜ் வெல்லும் இடைவெளி 123 முதல் 239 வரை விரிந்துவிடுகிறது! பத்து சதவீதம் போட்டதற்கு இத்தனை மாற்றம். ஒதுக்குத் தொகை போடாமல் ஒப்பிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

முதலில் எழுதிய மூன்று எண்களை இதில் போடுவோம். 120 பேர் வந்தால் பேக்கேஜ் 22,300, தனித்தனி 22,110. 170 வந்தால் 23,600, தனித்தனி 26,510. 260 வந்தால் 35,300, தனித்தனி 34,430. இரண்டு ஓரத்திலும் பேக்கேஜால் இழப்பது 190, 870. நடுவில் மிச்சமாவது 2,910. இந்த வீட்டார் பேக்கேஜ் எடுப்பதே சரி. இதே கொட்டேஷன்களோடு 300 பேரை எதிர்பார்க்கும் வீட்டுக்குப் பதில் வேறு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், எங்கள் எண்களை நம்ப வேண்டாம். நிஜத்தில் செலவு நேர்கோட்டில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். 25 பேர் கூடினால் ஒரு பரிமாறுபவர், 8 பேர் கூடினால் ஒரு மேசை என்று படிப்படியாகத்தான் ஏறும்.

கலந்து செய்வது

ஹால், உணவு, மேசை நாற்காலி, பரிமாறுதல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்று தாமதித்தால் மற்றது நிற்கும். இவற்றை ஒரே கையில் கொடுத்துவிட்டு, அலங்காரம், இசை, புகைப்படம் ஆகியவற்றை மட்டும் வெளியே எடுப்பது பலருக்கும் பொருந்தும். முன்னால் சொன்ன கழிவுத் தொகை இங்கே உதவும். அலங்காரத்தை நீக்கினால் கிடைக்கும் கழிவு, வெளி அலங்காரக்காரரின் தொகையும் உள்ளே விடும் கட்டணமும் சேர்ந்ததை விடக் குறைவு என்றால், விலைக்காக வெளியே போவதில் பயனில்லை. அவர்களுடைய அலங்காரம் பிடிக்கவில்லை என்பது வேறு காரணம், அது நியாயமான காரணம்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதெல்லாம் தாளில் வந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், தேதியை மாற்றினால் என்ன கட்டணம், காப்புத் தொகை எத்தனை நாளில் வரும் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். தனித்தனி என்றால் இந்தத் தேதிகள் ஆளுக்கு ஆள் வேறு. எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள். தேதி மாறினால் பேக்கேஜில் ஒருவரோடு பேச வேண்டும், தனித்தனியில் பத்துப் பேரோடு. அந்தப் பத்தில் ஒருவர் புதுத் தேதியில் வர முடியாது என்றால் அவருடைய அட்வான்ஸ் போய்விடும்.

தொகையை ஒரேயடியாகக் கொடுக்காமல் தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை விருந்து முடிந்த பிறகு என்று பேசிப் பாருங்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்பவரிடம் வேலை ஒழுங்காக நடக்கும். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும்.

ஹாலைக் கையில் வாங்கும்போது சுவர், தரை, கண்ணாடி, கழிப்பறையை மொபைலில் படம் பிடித்து வையுங்கள். காப்புத் தொகையில் பிடித்தம் வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும். வாடகைச் சாமானை வாங்கும்போது எண்ணியது போலவே இரவு திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணி, வண்டி கிளம்பும் முன் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிவிட வேண்டும். களைப்பில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், காணாமல் போன டம்ளரும் கரண்டியும் மறுநாள் பில்லில் வந்து நிற்கும்.